பந்தை விட்டுக் கண்ணை எடுங்கள்: கூடைப்பந்தில் தடுப்பாட்டத்தை எடைபோடும் வழி

2016 ஜூன் 19, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். 89-89 என்று சமநிலை. முடிய இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை. கோல்டன் ஸ்டேட் அணியின் ஆண்ட்ரே இகுடாலா லே-அப் (ரிங்குக்கு மிக அருகில் போய்ப் போடும் ஷாட்) போட எழும்புகிறார். பின்னாலிருந்து ஓடிவந்த கிளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸ் பந்தைப் போர்டோடு சேர்த்து அறைகிறார். கூடைப்பந்து பார்க்கும் எல்லோருக்கும் அந்தக் காட்சி தெரியும். அதற்கு ஒரு கணம் முன்னால் லெப்ரானின் தோழர் ஜே. ஆர். ஸ்மித் இகுடாலாவின் குறுக்கே போய் நின்றது பலருக்கு நினைவிருக்காது. ஸ்மித்தின் கைக்குத் தப்ப இகுடாலா காற்றிலேயே பந்தைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினார். அந்தத் தாமதத்தில்தான் லெப்ரான் வந்து சேர்ந்தார். ஸ்கோர் ஷீட்டில் லெப்ரான் பேரில் ஒரு பிளாக் ஏறியது. ஸ்மித் பேரில் எதுவும் ஏறவில்லை.

கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குத் தடுப்பாட்டம் பிடிபடாமல் போவது இதனால்தான். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைச் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். யார் எத்தனை புள்ளியை வரவிடாமல் செய்தார் என்று கேட்டால் ஸ்கோர் ஷீட் ஸ்டீல் (பந்தைப் பறித்தது), பிளாக் (போட்ட ஷாட்டைத் தட்டிவிட்டது) என்ற இரண்டு கட்டங்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த இரண்டையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அதற்கு முன்பே 13 பருவம் ஆடி 11 கோப்பை வென்ற பில் ரஸல் மொத்தம் எத்தனை பிளாக் செய்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது.

ஆகவே நாமேதான் கணக்கெடுக்க வேண்டும். பதிவுசெய்த ஆட்டம் ஒன்று, நிறுத்திப் பின்னால் ஓட்டும் வசதி, ஒரு நோட்டு. இவ்வளவு இருந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரே வீரர். ஐந்து பேரையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் ஒருவரையும் பார்க்க மாட்டீர்கள்.

முதல் படி: அவருக்குக் கொடுத்த வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. ஒரு வீரர் தப்பு செய்கிறார் என்று நினைப்போம். பயிற்சியாளர் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருப்பார்.

இன்றைய ஆட்டத்தில் அதிகம் நடப்பது பிக் அண்ட் ரோல். பந்தை வைத்திருப்பவருக்காக அவருடைய அணியின் உயரமான வீரர் ஒருவர் வந்து சுவர் போல நின்று ஸ்க்ரீன் வைப்பார். தடுப்பவர் அதில் மோதித் தடுமாறும்போது பந்துக்காரர் தப்பிப்பார், ஸ்க்ரீன் வைத்தவர் திரும்பி ரிங்கை நோக்கி ஓடுவார். இதைத் தடுக்க அணிகள் வைத்திருக்கும் முக்கிய வழிகள் மூன்று. தடுக்கும் அணியின் உயர வீரர் பின்வாங்கி ரிங்குக்கு அருகில் காத்திருப்பது டிராப். இரண்டு தடுப்பாளர்களும் ஆளை மாற்றிக்கொள்வது ஸ்விட்ச். இருவரும் பந்துக்காரர் மேல் பாய்வது பிளிட்ஸ்.

டிராப் ஆடும் அணியில் நடு தூரத்திலிருந்து ஒருவர் தாராளமாக நின்று ஷாட் போட்டால், "இந்த நெட்டையன் ஏன் சும்மா நிற்கிறான்?" என்று கோபம் வரும். வரக் கூடாது. ரிங்குக்குக் கீழே விழும் லே-அப்பையும் கோட்டுக்கு வெளியே விழும் மூன்று புள்ளியையும் அடைத்துவிட்டு, இடையிலுள்ள கடினமான இரண்டு புள்ளி ஷாட்டை எதிரணிக்கு விட்டுக்கொடுப்பதுதான் அந்தத் திட்டமே.

2015 பிளேஆஃப்பில் (பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் தொடர்களில்) கோல்டன் ஸ்டேட் இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தது. மெம்ஃபிஸ் அணியின் டோனி ஆலனுக்குக் காவலாகத் தன் சென்டர், அதாவது ரிங்குக்கு அருகில் ஆடும் உயர வீரர், ஆண்ட்ரூ போகட்டை வைத்தது. போகட் ஆலன் பக்கமே போகவில்லை. ரிங்குக்கு முன்னால் நின்றுகொண்டு மற்றவர்களின் வழியை அடைத்தார். வெளியிலிருந்து போடுவது ஆலனுக்குக் கைவராது என்ற கணக்கு அது. அந்தத் தொடரில் போகட்டை மட்டும் பார்த்தவர் "ஆளையே காக்கவில்லை" என்று எழுதியிருப்பார். (அதே ஆலன் அந்தக் காலத்தின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவர் என்பது வேறு கதை.)

ஆகவே முதல் கால் பகுதியில் மதிப்பெண் போடாதீர்கள். யாரை யார் காக்கிறார், ஸ்க்ரீன் வந்தால் என்ன செய்கிறார்கள், யாரை வேண்டுமென்றே தனியாக விடுகிறார்கள் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பத்துத் தாக்குதலுக்கு ஒரே ஆள்

இது கடினம். கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். கேமராவும் அப்படித்தான் ஓடும். தொடர்ந்து பத்துத் தாக்குதல்களுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தவரை மட்டும் பாருங்கள். பந்து விழுந்ததா இல்லையா என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போகட்டும்.

எதைப் பார்ப்பது? ஒரு தாக்குதலை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன். நம் ஆள் இடது மூலையில் நிற்கும் ஒரு ஷூட்டரைக் காக்கிறார். பந்து வலப்பக்கம், வெகு தூரத்தில்.

ஷாட் போட மிச்சமிருக்கும் நொடிகளைக் காட்டும் கடிகாரம் 16. அங்கே ஸ்க்ரீன் வைக்க ஆள் வருகிறார். நம் ஆள் தன் ஷூட்டரை விட்டு இரண்டு எட்டு உள்ளே வந்து நிற்கிறார். ஒரு கை ஷூட்டரைக் காட்டுகிறது, மறு கை பந்தைக் காட்டுகிறது, தலை மாறி மாறித் திரும்புகிறது. இதற்கே ஒரு டிக். சராசரி வீரர் இந்த நேரத்தில் முழங்காலில் கையை ஊன்றிப் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

கடிகாரம் 13. ஸ்க்ரீன் வைத்தவர் ரிங்கை நோக்கி ஓடி வருகிறார். அவரைக் காக்க வேண்டியவர் பந்துக்காரரிடம் மாட்டிக்கொண்டார். இப்போது பந்துக்கு எதிர்ப்பக்கம், ரிங்குக்கு மிக அருகில் இருப்பவர் நம் ஆள்தான். இந்தப் பொறுப்பில் இருப்பவரை 'லோ மேன்' என்பார்கள். அவர் ஓடி வருபவரின் பாதையில் நெஞ்சைக் கொடுத்து நிற்கிறார். மேலே தூக்கிப் போடவிருந்த பாஸ் நின்றுபோகிறது. இரண்டாவது டிக்.

கடிகாரம் 11. பந்து நேராக அவர் விட்டுவந்த மூலைக்குப் பறக்கிறது. நம் ஆள் ஓடுகிறார். முதலில் எட்டி வைத்து ஓட்டம், கடைசி மூன்று அடி மட்டும் குறுகிய தப்படிகள், இடுப்பு தாழ்ந்து, ஒரு கை உயர்ந்து. ஷூட்டர் போடுவது போல ஏமாற்றுகிறார். நம் ஆள் துள்ளவில்லை. மூன்றாவது, நான்காவது டிக். குளோஸ் அவுட் என்பது இதுதான். காற்றில் பறந்து ஷூட்டரைத் தாண்டிப் போய் விழுபவரைப் பார்த்தால் ஆர்வக்காரர் போலத்தான் தோன்றும். அவர் தன் அணியை ஐந்துக்கு நான்காக ஆட விட்டுவிட்டார்.

கடிகாரம் 4. பந்து எங்கெங்கோ சுற்றி, வேறொருவர் அவசர அவசரமாகப் போட்டுத் தவறவிடுகிறார். நம் ஆள் பந்தைப் பார்க்காமல் தன் ஷூட்டரை முதுகால் தடுத்து பாக்ஸ் அவுட் செய்கிறார். ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பி வரும் பந்து, தோழருக்குப் போகிறது. ஐந்தாவது டிக்.

இந்தத் தாக்குதலில் அவர் பெயரை வர்ணனையாளர் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்று, வாய். நல்ல தடுப்பாளர்கள் ஓயாமல் பேசுவார்கள், கையால் காட்டுவார்கள். ட்ரேமண்ட் கிரீன் சுமார் 198 செ.மீ. உயரம்தான். சென்டர்களோடு மோதுபவருக்கு அது குறைவு. 2017-இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது அவருக்குப் போனதில் உடம்புக்கு எவ்வளவு பங்கோ, வாய்க்கும் அவ்வளவு பங்கு. ஸ்க்ரீன் வருவதற்கு முன்பே தோழர்களை இழுத்து, தள்ளி, இடம் மாற்றிக்கொண்டிருப்பார். தொலைக்காட்சியில் குரல் கேட்காது. கை தெரியும்.

மூன்றாம் படி: பந்து அவர் காக்கும் ஆளிடம் வரும்போது

இப்போது காலைப் பாருங்கள். கையைப் பிறகு பார்க்கலாம். அகலமாக ஊன்றி, இடுப்பு தாழ்ந்து, பக்கவாட்டில் நகர்கிறாரா? எதிராளி தோளைத் தாண்டிவிட்டால் திரும்பி ஓடிப் பிடிக்கிறாரா, அல்லது கையை நீட்டிப் பந்தைத் தட்டப் பார்க்கிறாரா? கால் தோற்றவர்தான் கையை நீட்டுவார். என்.பி.ஏ.வில் ஆறாவது ஃபவுலிலும், சர்வதேச ஆட்டங்களில் ஐந்தாவது ஃபவுலிலும் ஆளை வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் அந்தக் கைக்கு விலை உண்டு.

ஷாட் விழுந்ததா என்பதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். எங்கிருந்து, எந்தக் கையால், எத்தனை நொடி மிச்சமிருக்கும்போது போட வைத்தார் என்பதை எழுதுங்கள். ஹூஸ்டன் அணியில் ஷேன் பேட்டியே கோபி பிரையன்ட்டைக் காக்கும்போது பந்தை அடிக்கப் போக மாட்டார். அவரை நடு தூரத்துக்குத் தள்ளி, பந்தைத் தரையில் தட்டியபடியே (டிரிபிள்) வந்து போட வைத்து, உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே நீட்டுவார். பிரையன்ட் அப்படியும் போடுவார், சில சமயம் விழும். விழுந்தாலும் பேட்டியேவுக்கு டிக் போட வேண்டும்.

முதலில் சொன்ன அதே ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இன்னொன்றும் நடந்தது. கைரி இர்விங் போட்ட மூன்று புள்ளியால் கிளீவ்லாண்ட் முன்னால் போயிருந்தது. பதிலுக்கு வந்த ஸ்டீஃபன் கரி ஸ்விட்ச் வரவைத்து கெவின் லவ்வைத் தனியாகப் பிடித்தார். தடுப்பாட்டத்தில் லவ் பலவீனமானவர் என்று பெயர். கரி இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். லவ் கையை உயர்த்தியபடி கூடவே நகர்ந்தார். ஷாட் தவறியது, கிளீவ்லாண்ட் 93-89 என்று வென்றது. அந்தத் தாக்குதலுக்காக லவ் பேரில் ஸ்டீலும் ஏறவில்லை, பிளாக்கும் ஏறவில்லை.

அதற்காக அந்த ஒரு தாக்குதலை வைத்து லவ்வைச் சிறந்த தடுப்பாளர் என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர் ஆடிய மற்ற நூறு ஆட்டங்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன. என் நோட்டில் மூன்று ஆட்டத்துக்குக் குறைவாகப் பார்த்த யாருக்கும் மொத்த மதிப்பெண் போடுவதில்லை. அதிலும் ஒன்று வேகமான சின்ன அணியோடு, ஒன்று உயரமான அணியோடு இருந்தால் நல்லது.

நான்காம் படி: ரிங்குக்குக் கீழே

உயரமான வீரர்களுக்கு இதுவே முதல் தேர்வு. பிளாக்கை மட்டும் எண்ணாதீர்கள். ஹக்கீம் ஒலாஜுவான் 3,830 பிளாக்குடன் எண்ணத் தொடங்கிய காலத்திலிருந்து முதலிடத்தில் இருக்கிறார், அது பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு ஆட்டத்தில் மூன்று பிளாக் செய்தவர், அதற்காக எட்டு முறை துள்ளி ஏமாந்திருக்கலாம். அவர் துள்ளி இறங்குவதற்குள் எதிராளி தன் ரீபவுண்டைத் தானே எடுத்துப் போட்டிருப்பார்.

நான் இங்கே நான்கு வகையாகக் குறிப்பேன். அடித்த பிளாக். கையை நேரே தூக்கிச் செங்குத்தாக நின்று கெடுத்த ஷாட். ராய் ஹிப்பர்ட் இந்தியானா அணியில் இந்தக் கலையை வைத்தே பிழைத்தார். துள்ளி ஏமாந்தது, அதற்குக் கழித்தல். நான்காவது எனக்கு மிகப் பிடித்தது: எதிராளி உள்ளே வந்து, நம் ஆளைப் பார்த்து, போடாமலே திரும்பிப் போனது. ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது வாங்கியதற்கு இந்த நான்காவது வகைதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. திரும்பிப் போனவர்களை எண்ண ஸ்கோர் ஷீட்டில் கட்டம் இல்லை.

பிளாக் ஆன பந்து எங்கே போகிறது என்றும் பாருங்கள். கூட்டத்துக்குள் பறந்தால் கைதட்டல் கிடைக்கும், பந்தோ எதிரணிக்கே திரும்பும். ரஸல் மெல்லத் தட்டித் தன் தோழர் கைக்கே அனுப்புவார்.

ஒரு சின்னக் குறிப்பு. என்.பி.ஏ. சென்டர்கள் சில நொடிக்கு ஒருமுறை ரிங்குக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதியிலிருந்து வெளியே கால் வைத்துத் திரும்ப வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கை எட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல் அங்கே மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி 2001-02 பருவத்தில் வந்தது. சர்வதேச விதியில் இது இல்லை. ஆகவே ஐரோப்பிய ஆட்டத்தில் சென்டர் உள்ளேயே குடியிருப்பார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஸ்டீலைச் சந்தேகத்தோடு பாருங்கள்

ஒரு கார்டை (வெளிப்பக்கம் ஆடும், உயரம் குறைந்த வீரரை)ப் பல ஆண்டுகள் மிக நல்ல தடுப்பாளர் என்று நம்பி வாதாடியவன் நான். ஆட்டத்துக்கு இரண்டு ஸ்டீல் எடுப்பார். பிறகு நோட்டு வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, ஒவ்வொரு ஸ்டீலுக்கும் மூன்று நான்கு முறை பாஸுக்குக் குறுக்கே பாய்ந்து தவறவிடுகிறார். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு பெரிய ஓட்டை. பாய்ந்து கிடைத்ததற்குக் கூட்டல், தவறியதற்குக் கழித்தல் என்று இரண்டையும் எழுதுங்கள்.

எல்லா ஸ்டீல்காரர்களும் அப்படி இல்லை. 2024-25 பருவத்தில் அட்லாண்டாவின் டைசன் டேனியல்ஸ் 229 ஸ்டீல் எடுத்தார். பந்தைக் கையால் தொட்டுத் திசைமாற்றும் டிஃப்ளெக்‌ஷன் எண்ணிக்கையிலும் அந்தப் பருவத்தில் அவர்தான் முதலிடம். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

ஆறாம் படி: இப்போது எண்களைத் திறக்கலாம்

கண்ணால் பார்த்த பிறகுதான் எண். முதலில் எண்ணைப் பார்த்தால் கண் அதற்குத் தகுந்தபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

அதிகம் அடிபடும் எண் டிஃபன்சிவ் ரேட்டிங். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது எதிரணி 100 தாக்குதலுக்கு எத்தனை புள்ளி எடுத்தது என்பது. குறைந்தால் நல்லது. ஆனால் இது ஐந்து பேரின் கணக்கு. கோபேர் மாதிரி ஒருவரோடு சேர்ந்து ஆடும் சாதாரண வீரருக்கும் எண் அழகாக இருக்கும்.

இன்னொரு பொறி, எதிரணியின் மூன்று புள்ளி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஆள் 30 நிமிடம் ஆடுகிறார், அதற்குள் எதிரணி 22 மூன்று புள்ளி முயற்சிகள் செய்கிறது, வழக்கமாக எட்டு விழும் என்று வைத்துக்கொள்வோம். அன்று பத்து விழுந்தது. ஆறு புள்ளி கூடுதல். 30 நிமிடத்தில் ஏறக்குறைய 62 தாக்குதல் என்றால், 100-க்கு அது கிட்டத்தட்ட பத்துப் புள்ளி. அவர் எதையும் மாற்றிச் செய்யவில்லை, இரண்டு பந்து உள்ளே விழுந்தது, அவ்வளவுதான். அதனால் எதிரணி எத்தனை மூன்று புள்ளி முயன்றது என்பதை நம்புங்கள், எத்தனை விழுந்தது என்பதை ஒரு மாதம் முடியும்வரை நம்பாதீர்கள். யாரும் தடுக்காமல் போடும் ஃப்ரீ த்ரோவில் எதிரணியின் சதவீதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2013-14 முதல் எல்லா என்.பி.ஏ. அரங்குகளிலும் வீரர்களின் ஒவ்வொரு அசைவையும் பதியும் கேமராக்கள் இருக்கின்றன. ரிங்குக்கு அருகில் ஒருவர் காக்கும்போது எதிரணிக்கு எத்தனை சதவீதம் விழுகிறது, டிஃப்ளெக்‌ஷன் எத்தனை, எதிர்த்துக் கை உயர்த்திய ஷாட் எத்தனை என்பவை லீக்கின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இவற்றில் ரிங் அருகிலான சதவீதம் உயரமானவர்களுக்கு நன்றாகவே உதவும். "இன்னாரை இன்னார் காத்தபோது இத்தனை புள்ளி" என்ற பட்டியலை நான் உப்பு அளவுக்குத்தான் சேர்ப்பேன். ஸ்விட்ச் நிறைந்த ஆட்டத்தில் யார் யாரைக் காத்தார் என்பதே சண்டைக்குரிய விஷயம்.

விருதுகளையும் இந்த இடத்திலேயே வையுங்கள். சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது 1982-83 பருவத்தில் சிட்னி மான்க்ரீஃப் என்ற கார்டிடம் தொடங்கியது. பிறகு பெரும்பாலும் உயரமானவர்களுக்கே போயிற்று. 1996-இல் கேரி பேட்டனுக்குப் பிறகு ஒரு கார்ட் அதை வாங்க 2022-இல் மார்கஸ் ஸ்மார்ட் வரவேண்டியிருந்தது. 2023-24 முதல் 65 ஆட்டம் ஆடாதவர் பொதுவாகப் பட்டியலிலேயே வர முடியாது. விக்டர் வெம்பன்யாமா 2024-25-இல் உடல்நலக் குறைவால் பாதியில் விலகியதால் அந்தப் போட்டியிலேயே இல்லாமல் போனார்.

ஏழாம் படி: எதிரணி யாரைத் தேடுகிறது?

உங்களைவிட, என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எதிரணியின் பயிற்சியாளர். அவர் எழுதிய தீர்ப்பு களத்திலேயே தெரியும். பிளேஆஃப் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில், ஸ்க்ரீன் வைக்க யார் வருகிறார் என்று பாருங்கள். அவரை யார் காக்கிறாரோ அவர்தான் அந்த அணியின் பலவீனம் என்று எதிரணி நினைக்கிறது. 2018 மேற்குப் பிரிவு இறுதியில் ஹூஸ்டன் திரும்பத் திரும்பக் கோல்டன் ஸ்டேட்டின் கரி காக்கும் ஆளைக் கூப்பிட்டு ஸ்க்ரீன் வைக்கச் சொல்லி, தன் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனுக்கு முன்னால் கரியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. எதிரணியின் நட்சத்திரம் ஒருவரைப் பார்த்ததும் ஸ்க்ரீன் கேட்டு அவரை மாற்றிவிடப் பார்க்கிறாரா? பந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போகிறாரா? உங்கள் ஆளைக் கண்டு அப்படி நடந்தால் பெரிய டிக் ஒன்று போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். பிறகு திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் நோட்டும் எண்ணும் ஒத்துப்போகாத நாள் கட்டாயம் வரும். நோட்டு முழுக்க டிக், டிஃபன்சிவ் ரேட்டிங் படுமோசம் என்று. உடனே ஒன்றைத் தூக்கிப் போடாதீர்கள். அவர் களத்தில் இருந்தபோது கூட ஆடிய நால்வர் யார் என்று முதலில் பாருங்கள், அடுத்து மூன்று புள்ளி எத்தனை விழுந்தது என்று பாருங்கள். இரண்டிலும் விடை கிடைக்கவில்லை என்றால் எதிரணி கூடை போட்ட தாக்குதல்களை மட்டும் வரிசையாக ஓட்டி, ஒவ்வொன்றிலும் உங்கள் ஆள் எங்கே நின்றார் என்று எழுதுங்கள். எனக்கு ஒருமுறை இப்படி ஓட்டியபோதுதான் புரிந்தது: நான் டிக் போட்டதெல்லாம் அரைக்களத்தில் நடந்த தாக்குதல்கள். பந்து பறிபோனதும் திரும்பி ஓட வேண்டிய நேரத்தில் அவர் நடந்து வந்திருக்கிறார். கேமரா முன்னால் ஓடிவிட்டதால் அவர் படத்திலேயே இல்லை.